கரை கைமாறிய கோடை

முஸ்தரன்னா, ஹியுமா தீவு, எஸ்தோனியா
14 பிப்ரவரி 1993

அன்புள்ள உர்மாஸ் அண்ணாவுக்கு,

நான் மெரிக்கே, உங்கள் தங்கை. நீங்கள் கடல்வழியாக ஸ்வீடனுக்குத் தப்பிப் போனபோது எனக்கு ஆறு வயது. இப்போது பதினைந்து. முன்பின் தெரியாதவருக்கு எழுதுவதுபோல இருக்கிறது, மன்னியுங்கள். உங்களை எனக்கு நினைவிருக்கிறதா, நினைவிருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேனா என்று சொல்லத் தெரியவில்லை. யாரோ என்னைத் தோளில் தூக்கிக் கூரை விளிம்பிலிருந்து ஒரு பனிக்கட்டியை ஒடிக்க வைத்தார்கள். அது நீங்களா?

உங்கள் முகவரி அம்மாவின் தையல் இயந்திர இழுப்பறையில் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் அனுப்பிய கடிதத்தின் உறை மட்டும் இருந்தது. "கடுதாசிய அப்பா அடுப்புல போட்டுட்டார்" என்றாள் அம்மா. "உறை மட்டும் எப்படித் தப்பிச்சது?" என்று கேட்டேன். "அத அவர் கேக்கல. நான் குடுக்கல."

நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. அதனால் பதிலைப் பள்ளி நூலகத்துக்கு அனுப்புங்கள். நூலகர் ஏரிகா டீச்சர் பிரிக்காமல் தருவார். நூலகத்தில் கடலைப் பற்றிப் பதினோரு புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். நம் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நானூறு மீட்டர்கூட இல்லை. ஆனாலும் நம் ஊர்க் கடலில் நான் ஒரு தடவையும் கால் நனைத்ததில்லை. இதை யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா?

இப்போது செய்தி. இந்தக் கோடையில் ரஷ்யப் படை நம் ஊரைவிட்டுப் போகிறது! எல்லைக் காவல் முகாமை நம் அரசிடம் ஒப்படைக்கப் போகிறார்களாம். விடுதலை கிடைத்து ஒன்றரை வருடம் ஆன பிறகும் இங்கே ஒன்றும் மாறவில்லை, அண்ணா. கரையோரம் அந்த மணல் பட்டை அப்படியே இருக்கிறது. பனி இல்லாத மாதங்களில் மாலைதோறும் டிராக்டர் இரும்புச் சீப்பை இழுத்துக்கொண்டு போய் மணலை வாரிவிடுகிறது. விடியற்காலையில் ஒரு சிப்பாயும் நாயும் காலடித் தடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் எழுதி அனுப்பவில்லையாம், அதனால் வாருகிறார்களாம்.

நீங்கள் தாண்டிப் போன பட்டை அது. அவர்கள் போன பிறகு, நீங்கள் வீட்டுக்கு வருவீர்களா? அம்மா வாய்விட்டுக் கேட்பதில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

உங்கள் தங்கை,
மெரிக்கே


ஸ்லீத்தே, கொத்லாந்து, ஸ்வீடன்
9 மார்ச் 1993

மெரிக்கே,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை தொடங்கிவிட்டேன். நம் மொழியில் எழுதி வருடக்கணக்காகிறது. இங்கே படகு எஞ்சின் பழுது பார்க்கிறேன், எஞ்சினைத் திட்டுவதுகூட ஸ்வீடிஷில்தான். பிழைகளை உன் ஏரிகா டீச்சரிடம் காட்டாதே.

பனிக்கட்டியை ஒடிக்க வைத்தது நான்தான். நீ அதை உப்புத் தொட்டுத் தின்றாய். "நீங்கள்" வேண்டாம். என்னை அப்படி அழைப்பது வங்கிக்காரர்கள் மட்டும்தான்.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். வரமாட்டேன்.

நான் போன இரண்டாம் மாதம் தீவுப் பத்திரிகையில் வந்ததை இங்கே ஒருவர் வெட்டி எடுத்து எனக்குக் கொடுத்தார். "தாய்நாட்டைக் காட்டிக் கொடுத்தவன் என் மகன் அல்ல. எல்மார், மீனவர், முஸ்தரன்னா." வாசகத்தை யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்தையும் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அப்பாவின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? முதல் எழுத்தின் வாலைத் தூண்டில் முள்ளைப்போல வளைப்பார். அதுவேதான்.

தீவு முழுவதும் படித்த காகிதம் அது. அதற்குப் பதிலாக அவர் ஊருக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு வரி எழுதட்டும். "வா" என்று எழுதினால் போதும், அடுத்த வாரமே கிளம்பிவிடுவேன். அந்த வரி இல்லாவிட்டால் படை இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உர்மாஸ்


முஸ்தரன்னா
2 மே 1993

உர்மாஸ் அண்ணா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் கோபம். கோபத்தில் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது.

முதலில் உனக்காகக் கேட்டதைச் சொல்கிறேன். அப்பா சமையலறையில் நாற்காலிக் காலை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, யாராவது உங்கள ஒரு வரி எழுதித் தரச் சொன்னா எழுதுவீங்களா?"

"யாரு?"

"யாராவது."

"பசை காயுது. தள்ளி நில்லு."

"ஒரே ஒரு வரிப்பா."

அவர் நாற்காலியைத் திருப்பி வைத்தார். "நான் எழுதினது போதும்" என்றார். 

நீ அந்தக் கையெழுத்தைப் பற்றி எழுதினாய். அதன் பிறகு இங்கே நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லையே! அப்பாவை ஐந்து மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் கார்த்லா நகரத்துக்கு வரச் சொல்லி விசாரித்தார்கள். கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். தீவிலேயே சிறந்த மீனவர் என்று கூட்டு மீன்பண்ணைச் சுவரில் படம் மாட்டியிருந்த மனிதர், ஒன்பது வருடமாகச் செம்மறிப் பட்டியில் தச்சராகக் கதவு செதுக்குகிறார். அம்மாவைப் பள்ளிச் சமையலறையிலிருந்து நீக்கிவிட்டார்கள். முழங்கால் கெட்டது உருளைக்கிழங்கு வயலில். நீ கேட்டதால் சொல்கிறேன், நன்றாக இல்லை.

இதையெல்லாம் எழுதியதும் எனக்கே சங்கடமாக இருக்கிறது. நீ அங்கே சுகமாக இருந்தாய் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று. உன் கடிதத்தை அப்பா எரித்ததாகச் சொன்னேன் அல்லவா? அம்மா நேற்று முழுவதையும் சொன்னாள். "மூணு தடவ படிச்சார். ரெண்டு தடவ நின்னுட்டே. மூணாவது தடவ உக்காந்து. அப்புறம் ஜன்னல் வழியா முகாமப் பாத்தார். அப்புறம்தான் அடுப்பத் தொறந்தார்." இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியவில்லை. நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முகாமில் மூட்டை கட்டுகிறார்கள். சிப்பாய்கள் வேலியோரம் வந்து பூட்ஸ், பச்சை பெயின்ட், மண்வெட்டி என்று கொடுத்துவிட்டு முட்டையும் கறுப்பு ரொட்டியும் வாங்கிப் போகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு உன் வயதுகூட இருக்காது. "எங்க போறீங்க?" என்று ரஷ்ய மொழியில் கேட்டேன். "சொல்லல. கூடாரத்துலதான் தங்கணும்னு பேச்சு" என்றான். ஊரைப் பிடித்து வைத்திருந்தவர்களுக்கே தாங்கள் போகுமிடம் தெரியவில்லை! பயமுறுத்திய பெரிய ஒன்றின் உள்பக்கத்தைப் பார்த்ததுபோல இருந்தது.

முகாமைப் பெற்றுக்கொள்ளும் குழுவில் அப்பாவைச் சேரச் சொல்லி ஊராட்சியிலிருந்து வந்தார்கள். மாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டார்.

மெரிக்கே


ஸ்லீத்தே
23 மே 1993

அன்புள்ள மெரிக்கே,

உன் கடிதத்தைப் பட்டறையில் படித்தேன். பிறகு அன்று முழுவதும் ஒரு திருகாணியும் சரியாக மாட்டவில்லை. அம்மாவின் வேலை போனது எனக்குத் தெரியாது. செம்மறிப் பட்டியும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. கோபம் வசதியானது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்க விடும்.

நான் எப்படிப் போனேன் என்று யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன்.

ஒரு ரப்பர் படகும் பழைய எஞ்சினும். இரண்டையும் ஜூனிப்பர் புதரில் ஒளித்து வைத்திருந்தேன். ஜூலை மாதம், நம் ஊரில் இரவு என்று பெயர்தானே தவிர இருட்டு ஏது? படகை முதுகில் போட்டுக்கொண்டு மணல் பட்டையைத் தாண்டினேன். தண்ணீரில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது என் தடம் ஒவ்வொன்றும், குதிகால், விரல், எல்லாம், வெள்ளைத் தாளில் மை மாதிரி கிடந்தது. அழிக்க நேரம் இல்லை. ஐந்து மணிக்கு நாய் வரும், ஆறு மணிக்குக் காவல் படகு என்னைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே துடுப்புப் போட்டேன்.

ஆறு ஆனது. ஏழு ஆனது. யாரும் வரவில்லை, மெரிக்கே. பிற்பகல் ஒரு மணிக்குத்தான் தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. அதற்குள் கடலில் மூடுபனி இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் மரம் ஏற்றிவந்த ஒரு ஜெர்மன் கப்பல் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டது.

அந்த ஏழு மணிநேரத்தை எனக்கு யார் கொடுத்தது? ஒன்பது வருடமாக யோசிக்கிறேன். காவல்காரன் குடித்திருப்பான் என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன்.

அந்த ஒரு வரியைப் பற்றி நான் மனம் மாறவில்லை. ஆனால் அப்பா மூன்றாவது தடவை உட்கார்ந்து படித்தார் என்பதை என்னாலும் மறக்க முடியவில்லை. ஆகஸ்டில் எனக்கு இரண்டு வாரம் விடுமுறை உண்டு. வெறுமனே சொல்கிறேன்.

உர்மாஸ்


முஸ்தரன்னா
11 ஜூலை 1993

என் அன்பு அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படி. நான் நின்றுகொண்டே எழுதுகிறேன், அவ்வளவு படபடப்பு.

ஜூன் 27, காலை பத்து மணிக்கு முகாம் கோபுரத்து ரேடார் நின்றது. நான் பிறந்ததிலிருந்து அது சுற்றாமல் பார்த்ததே இல்லை. ஊரே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. யாரும் கத்தவில்லை, கை தட்டவில்லை. அதன் முனகல் நின்ற பிறகுதான் இத்தனை நாள் அது முனகிக்கொண்டிருந்தது என்றே தெரிந்தது. அப்புறம் அலைச் சத்தம் கேட்டது. நம் வீட்டு வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும், அண்ணா! உனக்கு இது தெரியுமா?

முப்பதாம் தேதி ஒப்படைப்பு. பதினெட்டு லாரிகள் வரிசையாகத் தோணித்துறைக்குப் போயின. நம் படை வந்தது ஒரு ரொட்டி வேனில். மொத்தம் பத்துப் பையன்கள், மூன்று துப்பாக்கி. ஒருவன் காலில் விளையாட்டுச் சப்பாத்து. தலைவர் பெயர் தானெல், இருபத்து மூன்று வயது, போன வருடம்வரை உடற்பயிற்சி ஆசிரியர். சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்குக் கவலைதான் வந்தது. அவ்வளவு பெரிய கடற்கரையை அந்தப் பத்துப் பேரிடம் கொடுக்கிறார்களே என்று.

அப்பாவும் குழுவில் இருந்தார். "நீ போகலைன்னா நான் போய் நிப்பேன், இந்த முழங்காலோட" என்று அம்மா சொன்னதால் வந்தார்.

ரஷ்யர்கள் பக்கம் கடைசியாக இருந்தவர் சுபேதார் வலேரி. பதினொரு வருடமாக இதே முகாமில் இருப்பவர். அவர் பட்டியலைப் படித்தார், தானெல் சரிபார்த்தார்.

"கட்டில் நாப்பது."

"முப்பத்தொண்ணுதான் இருக்கு."

"ஒம்பது நடந்து போயிருக்கும்" என்றார் வலேரி. "இரும்புக் கால்தானே."

கடைசியில் சாவிக்கொத்து. ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். நம் கொடி ஏறியபோது கயிறு பாதியில் சிக்கிக்கொண்டது, விளையாட்டுச் சப்பாத்துப் போட்டவன் கம்பத்தில் ஏறிச் சரிசெய்தான். அம்மா என் கையை வலிக்கப் பிடித்திருந்தாள். ஒரு நாட்டை எடுத்துக்கொள்வதும் திருப்பிக் கொடுப்பதும் இரண்டு பேனாவும் ஒரு மேசையுமாக முடிந்துவிடுமா? புத்தகங்களில் இதற்கு அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருக்கிறார்களே!

பிறகு தானெல் வேலிக்கதவைத் திறந்து, "கரை உங்களோடது, போங்க" என்றார். எல்லோரும் நடந்தோம். குழந்தைகள், தள்ளுவண்டி, நாய்கள். மணல் பட்டைக்கு வந்ததும் நின்றோம்.

யாரும் காலை வைக்கவில்லை, அண்ணா. அறுபது பேர், ஓரத்தில் வரிசையாக. முந்தின நாள் மாலையில் வாரிய கோடுகள் அப்படியே இருந்தன. அப்புறம் யாரோ இடது பக்கம் திரும்பினார்கள். அவர் பின்னால் எல்லோரும் திரும்பி, பட்டையைச் சுற்றிக்கொண்டு, முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் படகுத்துறைப் பலகைவழியாகக் கடலுக்குப் போனோம். நானும்தான்! (மறுநாள் காலையில் தானெலின் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எழுந்ததும் டிராக்டரை எடுத்துப் பட்டையை வாரினார்கள். "யாருடா சொன்னா?" என்று அவர் கத்தினார். "வாரணும்ல சார்?" என்றார்கள்.)

இதையெல்லாம் லாரியருகே நின்று பார்த்த வலேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் அப்பாவிடம் வந்தார்.

"ஊரே சுத்திப் போகுது, எல்மார். நேரா போன ஆளு நீ ஒருத்தன்தான்."

வலேரி கொட்டகைக்குள் போய் ஒரு மரப் புல்வாரியோடு வந்தார். காய்ந்த புல்லை வாரிச் சேர்ப்போமே, அது.

"இது பட்டியல்ல இல்ல. உன்னோடது."

"என்னோடதுன்னு யார் சொன்னா?"

"பிடியில உன் வீட்டுக் குறி வெட்டியிருக்கே. இந்தத் தீவுக்காரங்களுக்குக் கரண்டியிலகூட குறி வெட்டாம இருக்க முடியாது. திருட்டு வேலைக்குக் குறி வெட்டின வாரியவா கொண்டு வருவே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலேரி என்னைப் பார்த்தும் சொன்னார்:

"எங்க சீப்புக்குப் பல்லு நெருக்கம், பாப்பா. இதுக்கு ரெண்டு விரல் அகலம். அன்னிக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பாத்தேன். பத்தடிக்கு மட்டும் கோடு வேற மாதிரி. நாய் புதருக்கு இழுத்துச்சு. புதர்ல இது கெடந்துச்சு."

"அப்புறம்?" என்று கேட்டவர் தானெல்.

"அப்புறம் என்ன, பதிவேட்டுல 'தடம் இல்லை'ன்னு எழுதினேன். நல்லவன்னு நெனச்சுடாதே தம்பி. அன்னிக்குக் காவல் என்னோடது. தடம் இருந்துச்சுன்னு எழுதினா மொதல்ல என்னத்தான் கொண்டு போயிருப்பாங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு." அப்பாவின் பக்கம் திரும்பினார். "பொய்யும் எழுதல. தடம் இல்லதானே? சுத்தமா வாரியிருந்தே."

அப்பா புல்வாரியை வாங்கிக்கொண்டார். இருவரும் கை கொடுத்துக்கொள்ளவில்லை. வலேரி லாரியில் ஏறினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா தானாகவே பேசினார். இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"முழிப்பு வந்துச்சு. அவன் கட்டில் காலி. கரைக்குப் போனேன். மணல்ல அவன் கால். வாரி கொட்டகைச் சுவர்ல சாத்தியிருந்துச்சு, அத எடுத்துக்கிட்டேன். தண்ணி வரைக்கும் போய்ப் பின்னாடியே நடந்து வாரிக்கிட்டு வந்தேன், அவன் தடத்தையும் என் தடத்தையும். அப்போ அவன் கண்ணுக்குத் தெரிஞ்சான். இந்தச் சுண்டுவிரல் நகம் அளவு. கூப்பிட்டா கேக்கிற தூரம். கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பான்."

நாங்கள் நின்றுவிட்டோம். அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"பேப்பர்ல கையெழுத்து?" என்று நான் கேட்டேன்.

"போடலைன்னா உன்னப் பிள்ளைங்க விடுதிக்குக் கொண்டுபோயிடுவோம்னாங்க. துரோகிய வளத்த வீட்டுல பிள்ளை வளரக் கூடாதாம். அவன் அக்கரை சேந்துட்டான். நீ இங்க இருந்தே."

அண்ணா, நான் அந்தப் பட்டியிலிருந்து ஒவ்வொரு நாளும் மரத்தூளோடு வரும் அப்பாவோடு ஒன்பது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். ரேடாரையும் லாரிகளையும் பார்த்து வாய் பிளந்தேனே, அதெல்லாம் ஒன்றுமில்லை. இவ்வளவையும் ஒருவர் சொல்லாமல் வைத்திருக்க முடியுமா? அவரை இப்போது பார்க்கும்போதெல்லாம் மிக உயரமான எதையோ கீழிருந்து பார்ப்பதுபோல இருக்கிறது.

இனியும் நீ அந்த ஒரு வரியைக் கேட்பாயா என்று நான் கேட்கவில்லை. நடந்ததை எழுதிவிட்டேன்.

மெரிக்கே


ஸ்லீத்தே
30 ஜூலை 1993

மெரிக்கே,

ஏழு மணிநேரம்.

அன்று கொஞ்ச தூரம் போன பிறகு நான் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தேன். கரையில் யாரோ நிற்பதுபோல இருந்தது. காவல்காரன் என்று நினைத்து இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டேன்.

அவர் எதுவும் எழுத வேண்டாம். நான் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவரிடம் இதை அப்படியே சொல். இல்லை, சொல்லாதே. எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன். என்னிடம் இப்போது ஒரு சின்ன மரப்படகு இருக்கிறது, நானே சரிசெய்தது. விமானத்தில் வந்து இறங்க மனம் இல்லை. போன வழியிலேயே வருகிறேன். அதற்கு இறங்கும் கரையின் காவல் முகாம் அனுமதி தர வேண்டுமாம், தூதரகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பூர்த்தி செய்து முஸ்தரன்னா முகாமுக்கு நேரே அனுப்பிவிட்டேன். அங்கே இப்போது யார் உட்கார்ந்திருக்கிறாரோ தெரியாது. ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். "கரையில் வரவேற்பவர், விண்ணப்பதாரருக்கு அவர் என்ன உறவு" என்று கேட்டிருந்தார்கள். ஊரறிய மறுத்த உறவை நானாக எப்படி எழுதுவது? அது அரசாங்கத்துக்குப் பிடிக்காமல் திருப்பி அனுப்பினால் அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

உர்மாஸ்


முஸ்தரன்னா
19 ஆகஸ்ட் 1993

அண்ணா!

முகாமில் யார் உட்கார்ந்திருக்கிறார் தெரியுமா? அப்பா!

ஜூலை நடுவில் தானெல் நம் வீட்டுக்கு வந்தார். "ஐயா, பத்துப் பேர்ல ஒருத்தனுக்கும் இந்தக் கடல்ல பாறை எங்க, திட்டு எங்கன்னு தெரியாது. சின்னப் படகுப் பதிவ நீங்க பாத்துக்குங்க" என்று கேட்டார். அப்பா "பாக்கலாம்" என்றார். அதற்கு "சரி" என்று பொருள் என்பதை அம்மா மொழிபெயர்த்தாள். இப்போது வலேரி உட்கார்ந்திருந்த அதே மேசையில், அதே ஆட்டம் காணும் நாற்காலியில் (கால் ஒட்டியாகிவிட்டது) உட்கார்ந்து, யார் கரையிறங்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறார். கடலுக்குப் போக அவருக்கே சீட்டு மறுத்த மேசை அது!

உன் படிவம் திங்கட்கிழமை வந்தது. மதியம் சூப் கொண்டுபோனபோது நான் அங்கே இருந்தேன். அப்பா உறையின் பெயரைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தார். படகின் நீளம், எஞ்சின், ஆள் ஒன்று, படகின் பெயர் இல்லை. அந்தக் காலிக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"பூர்த்தி செய்யாத படிவம்" என்றார். "திருப்பி அனுப்பணும். சட்டம்."

தானெல் அடுத்த மேசையில் இருந்தார். "ஐயா, விட்டுடுங்க, நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன்."

"பாக்காத மாதிரி இருந்தவங்க காலம் போயிடுச்சு தம்பி. முறையா செய்யணும்."

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கரண்டியோடு நின்றாள்.

"திருப்பி அனுப்பப் போறியாமே?"

"ஒரு கட்டம் காலியா இருக்கு."

"அப்போ நிரப்பு! உனக்குத் தெரியாத விஷயமா அது?"

"அவன்தான் நிரப்பணும்னு விதி."

"உன் விதியையும் நீயே சமைச்சுச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, பானையை மூடி அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டாள்.

செவ்வாய் போனது. புதனும் போனது. படிவம் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. சட்டையைக் கழற்றும்போது வெளியே எடுத்து, மாட்டும்போது உள்ளே வைத்தார். இன்று காலை சாப்பாட்டு மேசையைத் துடைக்கச் சொன்னார். ரொட்டித் துணுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்றார். ஸ்கேல் கேட்டார், என்னுடையதைக் கொடுத்தேன். அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டு, அதன்மேல் பேனாவால் எழுதி, மை காய்ந்த பிறகு பென்சில் கோட்டை அழித்தார். பிறகு அதே எழுத்தில் ஒரு பிரதி எடுத்தார். ஒன்று உனக்கு, ஒன்று கார்த்லா தலைமையகத்துக்கு. "அங்க எல்லாரும் படிப்பாங்களேப்பா" என்றேன். "படிக்கட்டும்" என்றார். "அதுக்குத்தான்."

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே பார். "கரையில் வரவேற்பவர்: எல்மார், மீனவர், முஸ்தரன்னா. விண்ணப்பதாரருக்கு அவர்: தந்தை." கீழே அனுமதி வழங்கும் அதிகாரியின் இடத்தில் மறுபடியும் அவருடைய கையெழுத்து. ஒரே தாளில் இரண்டு தடவை! முதல் எழுத்தின் வாலை நான் உற்றுப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான்.

அம்மா படித்துவிட்டுப் பானையைத் திறந்தாள். பொரித்த தட்டைமீன் நான்கு வைத்தாள், நாங்கள் மூன்று பேர்தான் இருக்கிறோம்.

நான் உறைக்குள் வைத்து ஒட்டப் போனபோது, "இரு" என்று திரும்ப வாங்கிக்கொண்டார். பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். நான் தோளுக்கு மேலிருந்து படித்தேன். ஒன்பது வருடம் கடலுக்குப் போகாதவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். வருடாவருடம் கோடையில் ஒழுகாத கூரையைப் பழுது பார்க்க ஏறுவாராம். அங்கிருந்து அலை எங்கே உடைகிறது என்று தெரியுமாம். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்திருக்கிறேன், அண்ணா, ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் எழுதியது படிவத்தின் பின்னால் இருக்கிறது. ஈரம் பட்டால் மை கரையும் என்று நான் இங்கேயும் ஒரு தடவை எழுதி வைக்கிறேன். பத்திரமாக வா.

மெரிக்கே

"வடமேற்கிலிருந்து வா. கலங்கரை விளக்கமும் தேவாலயக் கூரையும் ஒரே கோட்டில் வரும்வரை கரைப்பக்கம் திரும்பாதே. இரட்டைப் பாறையை வலக்கைப் பக்கம் விடு. ஆறு வருடத்துக்கு முன் அடித்த புயலில் மணல்திட்டு கிழக்கே நகர்ந்துவிட்டது, நீ அறிந்த வழி இப்போது இல்லை. எஞ்சினை நம்பாதே, துடுப்பும் வைத்துக்கொள். காற்று வடக்காக இருந்தால் உள்ளே நுழையாதே. பாறைக்கு வெளியே நங்கூரம் போட்டு நில். படகெடுத்துக்கொண்டு நான் வருகிறேன்."